உயிரோடை திருத்தின கல்வெட்டு

பேக்கரியிலை பாணுக்குச் சனம் கியூவிலை நிண்ட காலம். பண்டத்தரிப்புத் தோட்டத்திலை எனக்கு வெங்காயம் நல்லாய் விளைஞ்சிருந்தது. கிண்டுற நேரம் பாத்து நெருப்புக்காய்ச்சல் வந்து ஆளை விழுத்திப்போட்டுது. மூண்டு கிழமை பாயிலை. கஞ்சித்தண்ணியும் இறங்கேல்லை. பரியாரியார் நாடியைப் பிடிச்சுப் பாத்திட்டு, மருந்துப் பெட்டியைத் திறக்காமலே குடையை எடுத்துக்கொண்டு போனார். என்ரை கதை முடிஞ்சுது எண்டு அப்பவே விளங்கிச்சுது.

மனிசியின்ரை தமையன், அதாவது என்ரை மச்சான், ஊருக்குக் கல்வெட்டுப் பாடுற புலவர். ஆள் செத்து முப்பத்தோராம் நாள் வாற சனத்துக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. மனைவி புலம்பல், மைத்துனர் புலம்பல் எண்டு எல்லாற்றை அழுகையையும் இவரே பாட்டாய் அழுது குடுப்பார்.

அண்டைக்கு என்னைப் பாக்க வந்தவர், கொப்பியைக் கதிரையிலை வைச்சிட்டுக் கால் கழுவக் கிணத்தடிக்குப் போனார். மெல்ல எட்டி எடுத்தன். முதல் பக்கத்திலை என்ரை பேர்.

அட பாவி! மூச்சு நிக்க முந்தியே பாட்டு முடிஞ்சுபோச்சு!

வாசிச்சன். "கோபம் அறியாக் குணக்குன்றே" எண்டு தொடங்கியிருந்தார். கயிறு அறுந்ததுக்கு வாளியோடை சண்டை பிடிச்ச ஆள் நான். கோயிலுக்கு மடம் கட்டினனாம். நான் சீவியத்திலை கட்டினது ஒரு மாட்டுக்கொட்டில், அதுவும் சரிஞ்சுபோச்சு. வெங்காயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை! மைத்துனர் புலம்பல் மட்டும் மூண்டு பக்கம். அதிலை பாதி தன்ரை புலமையைப் பற்றி.

வந்த கோவத்திலை எழும்பி இருந்திட்டன். "பென்சில் எங்கை? பென்சில்!" எண்டு கத்தினன். மச்சான் ஈரக்காலோடை வாசலிலை விறைச்சுப்போய் நிண்டார்.

"அது மச்சான்... ஒரு முன்யோசனைக்கு..."

"இரும் உதிலை. உந்த மடத்தை வெட்டும். வெங்காயத்தைப் போடும்."

"வெங்காயம் யாப்பிலை நிக்காது."

"நிக்காட்டி நானும் சாகமாட்டன்."

நாலு நாள் இருந்து திருத்தினம். ஒவ்வொரு நாளும் சண்டை. சண்டை முடியப் பசி. காய்ச்சல் எப்ப விட்டதெண்டு எனக்கே தெரியாது. நாலாம் நாள் இடியப்பமும் சொதியும் கேட்டன்.

அண்டைக்குத்தான் "மனைவி புலம்பல்" பக்கத்துக்கு வந்தம். தலைப்பு மட்டும் கிடந்தது. கீழை ஒரு எழுத்தும் இல்லை. எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. இருபது வருசம் என்னோடை சீவிச்சவளுக்கு, எனக்காய் அழ நாலு வரி இல்லையோ?

"நான் என்ன செய்ய? கேக்கப் போனன், கூட்டுற தும்புத்தடியாலை கலைச்சுப்போட்டாள்" எண்டார் மச்சான்.

மனிசி சொதிச்சட்டியோடை வந்தாள். ஏன் ஒண்டும் சொல்லேல்லை எண்டு அவளைக் கேட்டன்.

"அந்தப் பக்கம் நிரம்பாமல் அண்ணை அச்சுக்குக் குடுக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்" எண்டு சொல்லிப்போட்டு, என்ரை இடியப்பக் கோப்பையிலை சொதியை ஊத்தினாள்.

எனக்குக் கண் நிறைஞ்சுபோச்சு. சொதியிலை உறைப்புக் கூடிப்போச்சு எண்டு அவளை ஏசினன்.