அண்டை வெட்டாத வரப்பு

பெருநகர் கிராமத்துத் தாண்டவராயனுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று அவர் வெட்டுகிற வரப்பு, மற்றொன்று அவருடைய ரோஷம். முதலாவதைக் குறை சொல்ல முடியாது. நடவுக்கு முன்னால் வரப்பின் இரண்டு பக்கத்தையும் மண்வெட்டியால் சீவி, சேறு பூசி வழித்துவிடுவதை அண்டை வெட்டுவது என்பார்கள். அவர் அண்டை வெட்டினால் எலி வளை இருக்காது, புல் இருக்காது, நண்டு கூட நுழைய யோசிக்கும். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ரோஷம்தான் குடும்பத்தைக் கெடுத்தது. தம்பி ஜெகதீசன் தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அண்ணனை நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காமல், வேலை அவசரத்தில் போனில் கூப்பிட்டுவிட்டான். அவ்வளவுதான் குற்றம். பெரியப்பா என்று நிற்க வேண்டிய இடத்தில் தாண்டவராயன் போய் நிற்கவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு, ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு பொது வரப்பு. பாகம் பிரித்தபோதே முறை வைத்தாகிவிட்டது: ஒரு வருஷம் அண்ணன் வெட்ட வேண்டும், மறு வருஷம் தம்பி. பேச்சு நின்றும் முறை நிற்கவில்லை. அண்ணன் முறையில் தம்பி அந்த வரப்பில் மண்வெட்டி வைக்கமாட்டான். வைத்தால் அது அண்ணனை ஊர் முன்னால் அவமானப்படுத்தின மாதிரி.

அந்த வருஷம் அண்ணன் முறை. அப்போதுதான் சென்னையிலிருந்து சாந்தினி வந்தாள். வெட்டுக்கிளியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். வெட்டுக்கிளி வரப்பு மண்ணுக்குள் முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகிறது. அண்டை வெட்டும்போது அந்த முட்டைகள் வெளியே வந்து வெயிலில் காய்கின்றன, மீதியை மைனா தின்றுவிடுகிறது. வெட்டாமல் விட்டால் எவ்வளவு பொரிக்கும் என்று அவள் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பல வரப்புகளைத் தோண்டிப் பார்த்ததில் இந்தப் பொது வரப்பில்தான் முட்டை அதிகம் இருந்தது. இந்த ஒரு வருஷம் வெட்டாமல் விடச் சொல்லி அவள் கேட்க, தாண்டவராயன் சரி என்றார்.

"ஐயா, பொரிச்சா ரெண்டு பக்கமும் பயிரைத் தின்னும். ரெண்டு பக்கமும் நான் வலை கட்டிடறேன். ஆனா பக்கத்து நிலத்துக்காரர் ஒத்துக்கணும். நானே போய்க் கேக்கட்டுமா?" என்றாள்.

"அவன் என் தம்பிதாம்மா. நா சொல்லிக்கிறேன்."

நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். தாண்டவராயன் தம்பி வாசல் வரைக்கும் கூடப் போகவில்லை. பேசாத வீட்டுக்கு முதலில் யார் போவது? ஊருக்கெல்லாம் தெரிந்த சண்டையை அந்தப் பெண்ணிடம் சொல்லவும் கூச்சம்.

"சொல்ட்டேம்மா. வலைலாம் வாணான்ட்டான். நீ ஆவற வேலையப் பாரு."

அவள் நம்பினாள். அண்ணன் பக்கம் மட்டும் வலை நின்றது.

வரப்பில் புல் மண்டிக் கிடப்பதை ஜெகதீசன் பார்த்தான். வலையையும் பார்த்தான். டீக்கடையில், "இன்னாபா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியா? வரப்ப அப்டியே உட்டுகீறாரு?" என்று விசாரித்தான். நீயே வெட்டிவிடேன் என்று அவன் மனைவி சொக்கம்மாள் சொன்னதற்கு, "அண்ணன் மொறடி அது" என்று அவள் வாயை அடைத்துவிட்டான். டீக்கடைப் பேச்சு தாண்டவராயன் காதுக்கும் வந்தது. கேட்டு உள்ளூரச் சந்தோஷப்பட்டாரே தவிர, எழுந்து போகவில்லை.

ஆவணியில் மழை விழுந்ததும் பொரித்தது. பொடிப்பொடியாகப் பச்சைக் குஞ்சுகள், வலை இல்லாத பக்கமாக இறங்கின. ஜெகதீசனின் இளம்பயிர் நாளுக்கு நாள் மொட்டையானது. அவன் இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து, வெற்று உடம்போடு முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு நாள் அடித்தும் கேட்கவில்லை. மறுநாளும் அடித்தான்.

தாண்டவராயன் தன் வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்காற்று. மருந்து அத்தனையும் தம்பி முகத்திலேயே திரும்பி விழுந்தது. 'திரும்பி நின்னு அடிடா' என்று ஒரு வார்த்தை போதும். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தம்பி வரப்பைப் பிடித்தபடி சரிந்தான், வாயில் நுரை.

அவர்தான் தூக்கினார். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டு, மறுநாள் தெளிந்து கண் திறந்தான். தலைமாட்டில் அண்ணனைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணா, ஒன் பக்கம் இன்னா ஆச்சு? பயிரு தப்பிச்சுதா?"

தாண்டவராயன் கட்டில் பக்கம் குனிந்தார். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தார். வந்தது வேறு.

"தப்பிச்சுதுடா. நீ படு."

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் விடியும்போது ஜெகதீசனுக்கு மூச்சு விட முடியவில்லை. விஷம் இப்படித்தான், தெளிந்தவனையும் திரும்ப வந்து பிடிக்கும் என்றார் டாக்டர். மதியத்துக்குள் போய்விட்டான்.

சாவு வீட்டுக்குச் சாந்தினி ஓடி வந்தாள். சொக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினாள். "நான் வலை கட்டறேன்னுதாங்க சொன்னேன். அவர் வேணாம்னுட்டார்னு விட்டுட்டேன். நான் விட்டிருக்கக் கூடாது."

சொக்கம்மாள் அழுகையை நிறுத்தினாள். "யாராண்ட வாணான்னாரு?"

சாந்தினி திரும்பிப் பார்த்தாள். பந்தலில் தாண்டவராயன் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கை கொடுத்தபடி நின்றிருந்தார்.

"இவர்கிட்டதான் சொன்னாராம்."

சொக்கம்மாள் எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை.

"நீங்கதான் அவராண்ட பேசவே இல்லியே மாமா?"

தாண்டவராயன் நீட்டிய கை அப்படியே நின்றது. அடுத்து நின்றிருந்த ஆள் அந்தக் கையைத் தொடாமல் உள்ளே போனான்.