விபோடு

பக்கவாதம் வந்த கையை விரல்களைப் பிடித்து இழுத்துத் திறக்கக் கூடாது. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, கட்டைவிரலை அடியிலிருந்து மெல்ல விலக்கினால் மற்றவை தாமாக இளகும். கோச் தினமும் கல்லூரிக்குக் கிளம்புமுன் தன் அப்பாவின் வலது கையை அப்படித்தான் திறந்து, உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைப்பாள்.

"பிடிங்கப்பா."

பிடித்துவிடுவார். உடும்புப் பிடி.

"இப்போ விடுங்க."

அங்கேதான் பாடு. இந்த நோயில் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். முகம் சிவக்க முயன்றுவிட்டு, "நாளைக்கு," என்பார்.

கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் தலைமைக் கோச்சாக வந்தது அந்த ஆண்டுதான். ஓய்வு பெற்றுப் போன பழைய கோச்சை "எங்க சார்" என்று உருகிய பெண்கள் இவளை "மேடம்" என்றார்கள், மருந்து குடிக்கிற முகத்தோடு. சீசனும் ஏனோதானோவென்று போயிற்று. ஒன்று ஜெயித்தால் அடுத்ததில் தோற்றார்கள்.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், ஆளுக்கொரு கோல் இருந்தபோது, பந்து தடுப்பாட்டக்காரியை நோக்கி உருண்டு வந்தது. நெட்டைக் கால்களுக்காக அவளைக் கொக்கு என்பார்கள். கோட்டருகே நின்ற கோச் கத்தினாள்: "விடு!"

ஓங்கி ஒரு உதை விடு என்று பொருள். கோச் ஆடிய காலத்தில் அப்படித்தான். கொக்கோ காலைத் தூக்கிப் பந்துக்கு வழிவிட்டாள். கோல்கீப்பர் எட்டும் தூரத்தில் இல்லை. பின்னாலேயே ஓடிவந்த எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் அடித்தாள். ஆட்டம் போயிற்று.

"ஏம்மா விட்ட?"

"நீங்கதான மேடம் விடச் சொன்னீங்க!"

கோச்சுக்கு அது வாய்க்கொழுப்பாகப் பட்டது. "சாக்கு சொல்லாத."

கொக்கு உடை மாற்றிக்கொண்டு வந்து, ஜெர்சியை பெஞ்சில் வைத்தாள். "இனிமே வேற ஆளைப் பாத்துக்கோங்க," என்று போய்விட்டாள். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். அதைவிட, நல்ல ஆட்டக்காரி ஒருத்தி தன்னால் ஆட்டத்தையே விட்டுவிடுவாளோ என்பதுதான் கோச்சை அரித்தது. ஜெர்சியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துப் போட்டாள்.

மறுநாள், "விடுங்கப்பா," என்றதும் அப்பா விட்டார்! பந்து கட்டிலுக்கடியில் ஓடியது. சந்தோஷத்தில் மண்டியிட்டுக் நீட்டிய கை பாதியில் நின்றது. சொன்னதைத்தானே செய்தார்? கொக்கும் அதைத்தானே செய்தாள்?

"என் அறிவு கட்டிலுக்கடியிலதான் கிடந்திருக்குப்பா."

"எடு," என்றார் அப்பா.

விடுதித் தண்ணீர்க் குழாயடியில் கொக்கு போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். கோச் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

"உங்க சார் விடுன்னா என்ன அர்த்தம்?"

"கீப்பருக்கு விடுன்னு அர்த்தம். உங்களுக்கு?"

"ஓங்கி அடின்னு."

"அதுக்குத்தான் 'போடு'ன்னு ஒண்ணு இருக்கே மேடம்!"

"சரி, இனிமே போடுதான். தப்பு என்னோடது. சாக்குன்னு சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"அதெல்லாம் வேணாம்..." கொக்கு போர்வையை உதறினாள். "இல்ல, சொல்லுங்க. ஜெர்சி எங்க?"

"துவைச்சு வச்சிருக்கேன்."

சொன்னபடியே கோச் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

கடைசி ஆட்டத்தில் டிரா கிடைத்தாலே போதும். முடியும் தறுவாயில் பந்து மறுபடி கொக்கிடமே வந்தது. கோச்சின் ஊறிப்போன நாக்கு சும்மா இருக்குமா? "வி..." என்று தொடங்கியவள் பாதியில் விழுங்கி, "...போடு!" என்று அலறினாள். கொக்கு சிரித்துக்கொண்டே போட்ட போட்டில் பந்து மைதானத்தின் மறுகோடிக்குப் போயிற்று. விசில். டிரா.

திரும்பும் பேருந்தில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "விபோடு அக்கா, ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்களேன்!"

பேருந்தே சிரிப்பில் அதிர்ந்தது. கோச் திரும்பிப் பார்க்காமல் ஜன்னலை மூடினாள். அந்த "அக்கா" அவள் காதிலேயே நின்றது.

மறுநாள் காலை மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை விலக்கி, பந்தை வைத்தாள்.

"பிடிங்கப்பா... இப்போ போடுங்க."

நாக்குப் புரண்டுவிட்டது. அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். கை கொஞ்சம் எழும்பியது. பந்து அவள் மடியில் வந்து விழுந்தது.

"கோல்," என்றார்.

அவள் பந்தைத் துண்டால் துடைத்து, மறுபடி அவர் கையில் வைத்தாள்.