கடலைக்காட்டு வரிசையில் அப்பா

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் பெற்றோர் அதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். நான் அம்மாவுடன் இருந்தேன். அம்மா காட்டு வேலைக்குப் போவாள். அப்பா பாப்பாரப்பட்டியில் கூலிக்குத் தறி நெய்தார். என் சாப்பாட்டுக்காக அவர் வாரம் ஒரு வள்ளம் கேழ்வரகு தர வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. சந்தை நாளில் வாங்கித் தவறாமல் கொண்டுவந்துவிடுவார். அம்மாவும் அவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எதுவானாலும் என் மூலமாகத்தான்.

போரால் நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. தறி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அப்பா நழுவவில்லை. தாமே ஊர்ப் பெரியவரிடம் போய்க் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

"கூலி பாதிதாங்க வருது. அரை வள்ளந்தான் என்னால ஆவும்" என்றார்.

பெரியவர் அம்மாவைப் பார்த்து, "அப்ப புள்ளைய பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்தும்மா. உங்கூட கடலக்கா ஆய வரட்டும். கொறையறது வந்துரும்" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காய் ஆய்வது எங்கள் பக்கம் பெண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலை. ஆய்ந்ததில் ஒரு பங்கு கூலி. ஆண்கள் அந்த வரிசையில் உட்காரவே மாட்டார்கள்.

அம்மா எழுந்தாள். "அரை வள்ளமே போதுங்க. இல்லாத கூலிய நான் கேக்கல. தறி ஓடாத நாள்ல அவரு சும்மாதானுங்களே இருக்கறாரு? எம்புள்ள உக்கார வேண்டிய எடத்துல அவரு வந்து உக்காரட்டும். அவ படிக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. "பொம்பளைங்களோடவா?" என்றார் ஒருவர்.

அப்பா தரையைப் பார்த்தபடியே, "வர்றனுங்க" என்றார்.

தறி ஓடாத அடுத்த நாள், பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்தேன். பெண்களைப் போலவே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, தறிக்குழிய வுட்டுட்டு இங்க வந்துட்டீங்க? ஒரு சீலை தரட்டுமா, கட்டிக்கிறீங்களா?" என்றாள் ஒருத்தி.

"நூலு கெடைக்கட்டும் அம்மிணி, உனக்கே ஒண்ணு நெய்து தர்றன்" என்றார் அப்பா, ஆய்வதை நிறுத்தாமல். வரிசை முழுக்கச் சிரித்தது. மறுமுனையில் இருந்த அம்மா மட்டும் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் தம் பங்கைத் துண்டில் முடிந்து என்னிடம் தந்துவிட்டுப் போவார். கடலைக்காலம் முடியும்வரை தறி ஓடாத ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை. கடைசி நாளில் அந்த முடிச்சை அவிழ்த்தபோது அம்மா சொன்னாள்: "அவரு கை இப்ப வேகமாயிடுச்சுன்னு உங்கப்பங்கிட்டச் சொல்லு." சொன்னேன். அப்பா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் கடைசிவரை சேர்ந்து வாழவில்லை. ஆனால் நான் படிப்பை முடித்தேன். இன்றும் கடலைக்காயைக் கையில் எடுத்தால், என் இடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவும், அவரை அங்கே உட்கார வைத்த அம்மாவும் எனக்குச் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகிறார்கள்.