அம்மா பார்க்காத முகம்

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு, பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், சும்மா இருந்த காலம் அது. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். நானும் சித்தியும்தான் வீட்டில். அந்த நேரம் பார்த்தா என் முகமெல்லாம் பரு வெடிக்க வேண்டும்!

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கையில் கிடைக்கும். வீடியோவில் கூப்பிடுவார். இந்த மூஞ்சியைப் பார்த்தால் அங்கே சோறு இறங்காமல் அழுவாரே என்று பயந்து, "கேமரா பழுதாப் போச்சும்மா" என்று சொல்லி வைத்தேன். அவர் முகத்தை மட்டும் ஆசை தீரப் பார்ப்பேன். அந்தக் கையால் ஒரு தடவை என் கன்னத்தைத் தடவிவிட மாட்டாரா என்று ஏக்கமாக இருக்கும்.

பதுளை தோல் கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர், பரு மருந்தோடு இன்னொரு சின்ன மாத்திரையும் தந்தார். அதைப் பார்த்ததும் கொழுந்து பறிக்கும் எங்கள் சித்தி கையைத் தட்டிச் சிரித்தார்.

"அடியே, இது அட்டக்கடி அரிப்புக்கு நாங்க போடுற மாத்திரடி! ஒன் மூஞ்சியில என்ன அட்டையா கடிச்சிருக்கு?"

மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் மாத்திரைதான். எனக்கு வந்ததே கோபம்! தோட்டத்துப் பிள்ளைதானே என்று எதையோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என நினைத்து, இரண்டு மருந்தையுமே தொடவில்லை. பரு இன்னும் மோசமானது.

அடுத்த கிளினிக்கில், அட்டைக்கடி மாத்திரையை எனக்கு ஏன் தந்தீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை.

"பிள்ளை, இந்தக் குளிசை தனியப் பருவை மாத்தாது. மற்ற மருந்தோட சேர்த்துக் குடிச்சால் சிவப்பும் எண்ணெய்ப் பிடிப்பும் குறைய உதவும். சில பேருக்கு அப்பிடிக் குடுக்கிறனாங்கள்" என்றார்.

பிறகு ஒழுங்காகக் குடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பரு அடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை தலைவாரிப் பொட்டு வைத்து, கேமராவைத் திறந்தேன். அம்மா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். சித்திக்கு வாய் சும்மா இருக்குமா? பருக் கதை முழுவதையும் உடைத்துவிட்டார்.

அம்மா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"பருவோட இருந்தா நீ எம் புள்ள இல்லையா? ஒன் மூஞ்சிய ஒருக்காப் பாத்துற மாட்டமான்னுதானே வாரம் பூரா காத்துக் கெடந்தேன்!"

அம்மா இன்னும் ஊர் திரும்பவில்லை. என் கன்னம் இப்போது சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அம்மா காத்துக் கிடந்த அந்தப் பரு முகத்தை இனி எங்கே தேடிக் கொண்டுவந்து அவருக்குக் காட்டுவேன் என்று என் மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.