ரப்பர் வளையம் போட்ட போத்தல்

சாப்பாட்டுக் கடையில் டீ, காப்பி என்று தண்ணி கலக்குகிறவளுக்குத் தே தாரிக் டீயை உயர இழுத்து ஆற்றுவது பெரிய வேலை இல்லை, ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய வேலை. உங்களில் யாராவது இந்த வேலையில் நின்றிருந்தால் இப்போதே தலையாட்டுவீர்கள். ஆயர் ஈத்தாம் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனால் இந்தத் தண்ணீர் விஷயம் படித்தவர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

முதல் நாளே முதலாளி ஒரு சட்டம் சொன்னார். "காலிப் போத்தல்ல தண்ணி ஊத்தி வித்தோம்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, கடை பேரும் போச்சு, உங்க வேலையும் போச்சு, அக்கா."

யார் கொதிக்க வைத்தது?

ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் தினமும் வருவார். போத்தலைத் தொடமாட்டார். பைப்புத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் அவர் கண்முன்னால் கொதிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி கிளாஸுக்கு மேல் பிடிப்பார். கண்ணாடி மங்கினால்தான் உட்காருவார்.

ஒருநாள் கெட்டில் கெட்டுப்போனது. "ஐயா, இன்னிக்கு மட்டும் போத்தல் தண்ணி தரட்டுமா? சுத்தமானதுதான்" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கணக்கில் தப்புவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பைப்புத் தண்ணிய நீ கொதிக்க வச்சே, நான் பாத்தேன். போத்தல் தண்ணிய யாரும்மா கொதிக்க வச்சா?"

மூடிச் சத்தம்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் சனிக்கிழமைகளில் வருவாள். போத்தலைக் காதோரம் வைத்துத் திருகுவாள். சீல் உடையும் சத்தம் கேட்காவிட்டால் வேறு போத்தல் தர வேண்டும். பைப்புத் தண்ணீரில் துரு வருகிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு, பயந்துபோய் வீட்டுக் குழாயில் வெள்ளைத் துணி கட்டினேன். மறுநாள் துணி லேசாக மஞ்சளாக இருந்தது. அது துருவா, மீனுக்கு மஞ்சள் தடவிய என் கையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் சத்தம் கேட்டுத் திருப்தியானதும் கிளாஸை என்னிடம் நீட்டினாள். எங்கள் கடை ஐஸ் பைப்புத் தண்ணீரில் செய்தது என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் குழம்பி நிற்கும்போதே, "அக்கா, ஐஸ் மட்டும் நெறைய போடுங்க லா" என்றாள்.

கறிக்கை

இனி என் தப்பு. நான் குடிப்பதற்காகக் கொதித்து ஆறிய பைப்புத் தண்ணீரை ஒரு காலிப் போத்தலில் ஊற்றி, கழுத்தில் ரப்பர் வளையம் போட்டு, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பேன். லாரி ஓட்டும் மணியம் அண்ணன் போத்தல் தண்ணீரைத் தவிர எதையும் குடிக்காதவர். சாப்பிடும்போது கையெல்லாம் கறி, அதனால் நான்தான் திறந்து ஊற்றுவேன். அன்று மத்தியானக் கூட்டத்தில் ஒன்றை எடுத்தேன், திறந்தேன், ஊற்றினேன். அவர் போன பிறகுதான் அறுந்துபோன ரப்பர் வளையம் கீழ்த்தட்டில் கிடந்ததைப் பார்த்தேன்.

முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு மனிதனை ஏமாற்றியவள் ஆவேன். மணியம் அண்ணன் எழுந்து போகும்போது சொன்னது வேறு காதிலேயே நின்றது. "இன்னிக்குத் தண்ணி நல்லா இருக்கு, அக்கா."

இது அது இல்லை

மறுநாள் நல்ல சீல் போத்தலாகப் பார்த்துத் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நேத்து குடிச்ச தண்ணி இல்ல இது. இது டூப்ளிகேட்." முதலாளி காதில் விழுந்துவிட்டது. போத்தல் கொண்டு வருகிறவரைத் திட்டுவதற்குக் கைப்பேசியை எடுத்துவிட்டார். ஒரு பாவமும் அறியாத அந்த ஆள் என் தப்புக்கு ஏச்சு வாங்கப் போகிறாரே என்று நினைத்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "இதுதாண்ணே ஒரிஜினல். நேத்து நீங்க குடிச்சது என்னோட பைப்புத் தண்ணி."

மணியம் அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அதான் நேத்து சாயங்காலத்துலேருந்து வயிறு ஒரு மாதிரி இருந்துச்சு."

தெர்மஸ்

மணியம் அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி முன் நின்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "மறைக்காம சொன்னீங்களே, அது போதும். நாளைக்கு உங்க தண்ணிக்கு ஒரு தெர்மஸ் கொண்டு வாங்க. போத்தல் ஆகாது." வேலை இருக்கிறது என்று புரிவதற்கே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

நாலு நாள் மணியம் அண்ணன் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். சீல் போத்தல் கேட்டார், திறந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதைத் தொடாமல், கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அந்தத் தெர்மஸ்ல கொஞ்சம் இருக்கா?"

இப்போதெல்லாம் என் பைப்புத் தண்ணீரை அவரே குடித்துத் தீர்த்துவிடுவதால், தாகம் எடுத்தால் நான்தான் போத்தல் வாங்கிக் குடிக்கிறேன், மூடிச் சத்தம் கேட்டதா இல்லையா என்று சரியாகத் தெரியாமலே.