கல்யாண வண்டிக்கு ஒரு எண்ணெய்க் குச்சி

சஹூலிக்கு நாற்பது தாண்டிக் கல்யாணம் குதிர்ந்தபோது தனா நகரத்து அனலக்கேலி சந்தையே வாயைப் பிளந்தது. விடியுமுன்னே கரியடுப்பு மூட்டி, குழிச்சட்டியில் அரிசி மாவு ஊற்றி, பணியாரம் மாதிரி மூஃபு கசி சுட்டு விற்கிறவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். "இது நேத்துச் சுட்டதா?" என்று கேட்டவன் எவனும் சிரித்த முகத்தோடு வீடு திரும்பியதில்லை. அவளைப் போய் எவன் கட்டுவான் என்று இருந்தவர்களுக்கு, கட்டப்போகிறவன் டாக்சிக்காரன் பென்ஜா என்று தெரிந்ததும் தலை சுற்றிப்போனது.

அவள் மனசு விழுந்த கதை வேடிக்கையானது. தனா நகரம் முழுக்க மேடும் பள்ளமும். இறக்கம் வந்தால் டாக்சிக்காரர்கள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே போவார்கள், பெட்ரோல் மிச்சமாகுமே. பென்ஜாவின் பழைய பாலாடை நிற வண்டியும் தினமும் அப்படித்தான் சத்தமில்லாமல் இறங்கி வந்து அவள் அடுப்புக்கு முன்னால் நிற்கும். மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு புகை கக்கும்போது இவன் மட்டும் எவ்வளவு பதவிசாக வருகிறான் என்று சஹூலி உருகிப்போனாள். வண்டி நின்றால் அதன் இன்ஜின் ஓடாது, இருமி அணைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. பாவம், யார் சொன்னார்கள்?

சொன்னவன் அவள் தம்பி ஃபிடி. அதுவும் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில்.

"அக்கா, நம்ம வீட்டுலேருந்து கோவில் வரைக்கும் ஒரே வயக்காட்டு ரோடு. இறக்கம் கிடையாது. பேண்டு முன்னாடி நடக்கும், வண்டி பின்னாடி ஊரணும். மச்சான் வண்டி ஊருனா செத்துரும். நான் ஒரு பெரிய வண்டி இரவல் சொல்லி வச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சஹூலிக்கு முகம் பற்றிக்கொண்டு எரிந்தது. "நான் என் புருஷன் வண்டியிலதான் போவேன். அது ஒரு தரம் நின்னாலும் இறங்கி உன் வண்டியில ஏறிக்கிறேன், போதுமா?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். கல்யாண உடுப்போடு நடுரோட்டில் இறங்கினால், சாகும்வரை இதையே சொல்லிச் சிரிப்பார்களே.

மறுநாள் பென்ஜாவைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளதைச் சொல்லுய்யா. நின்னா ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். காலை எடுக்காம ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருந்தா ஓடும்."

"அது ஓடுறதா?"

"இன்ஜின் வேகம் கூடட்டும்னு கார்பரேட்டர் ஸ்க்ரூவைக்கூட முறுக்கி ஏத்தி வச்சிருக்கேன் சஹூலி. அப்பவும் இருமுது."

கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி அவன் கூட்டாளி செட்ராவின் பட்டறையில் நின்றது. செட்ரா இன்ஜின் மூடியைத் திறந்து காது கொடுத்தான். "எங்கேயோ ஏர் லீக். ரப்பர் ட்யூப்லயோ ஜாயின்ட்லயோ காத்து திருட்டுத்தனமா உள்ள பூருது. வேகமா போனா தெரியாது. மெதுவானா பெட்ரோலுக்கு மிஞ்சின காத்தாயிடுது, அதான் மூச்சு திணறுது." ஒரு குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜினைச் சுற்றி நகர்த்தினான். காற்று இழுக்கும் இடத்தில் உஸ் என்று கேட்க வேண்டும். கேட்டது என்னவோ ட்ரம்பெட் சத்தம்தான். அடுத்த முற்றத்தில் பேண்டுக்காரர்கள் ஒத்திகையில் இருந்தார்கள், இவள் கல்யாணத்துக்கேதான்.

"நிறுத்தச் சொல்லவா?" என்றான் பென்ஜா.

"அவனுங்களா நிறுத்துவானுங்க? போ," என்றான் செட்ரா. "ஓட்டை எங்கேன்னு பெட்ரோல் தெளிச்சுப் பாக்கலாம். ஆனா இன்ஜின் சூடா இருக்கு, பத்திக்குச்சுன்னா கல்யாணம் ஆஸ்பத்திரியிலதான்."

கடையை ஏறக்கட்டிவிட்டுக் கூடையோடு நேரே அங்கே வந்திருந்த சஹூலி இடுப்பில் கை வைத்து நின்றாள். "காத்து இழுக்குற ஓட்டைதானே? அது மேல எண்ணெய் தடவுனா கொஞ்ச நேரம் அடைச்சுக்காதா?"

அவள் போய்க் கூடையிலிருந்து எண்ணெய்க் குச்சியை எடுத்து வந்தாள். குழிகளுக்கு எண்ணெய் தடவுகிற, நுனியில் துணி சுற்றிய குச்சி. ஓடுகிற இன்ஜினுக்குள் குனிந்து, சட்டிக்குத் தடவுகிற மாதிரியே ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். சூட்டில் எண்ணெய் பட்டு மூஃபு கசி வாசம் கிளம்பியது. ஒன்றும் மாறவில்லை. இருமல் இருமல்தான். கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற விரல் தடிமன் ட்யூபுக்கு வந்தாள். மேலே தடவினாள், ஒன்றுமில்லை. கையை வளைத்து அடிப்பக்கம் தடவினாள்.

இன்ஜின் இருமலை விட்டுவிட்டு ஒரே சீராக ஏறி, அலறத் தொடங்கியது.

"அய்யோ, என்ன பண்ணுன?" என்று பதறினான் பென்ஜா.

செட்ரா விழுந்து விழுந்து சிரித்தான். "ஓட்டை அடைஞ்சிருச்சுடா. நீ முறுக்கி வச்ச ஸ்க்ரூதான் இப்பக் கத்துது." ட்யூபைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் நகக்கீறல் நீளத்துக்கு வெடிப்பு. புதுத் துண்டு வெட்டிப் பொருத்தி ஸ்க்ரூவை இறக்கியதும், வண்டி திருப்தியாகச் சாப்பிட்டவன் குறட்டை மாதிரி ஓடியது. சஹூலிக்கு அழுகை வந்தது. எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வயக்காட்டு ரோட்டில் பேண்டு ஆடி அசைந்து நடந்தது. பின்னால் பாலாடை வண்டி ஊர்ந்தது. நிற்கவில்லை. கோவில் வாசலில் கல்யாணப் பேச்சுக்கென்றே அழைத்திருந்த பேச்சாளர் எழுந்து, ஊர் வழக்கப்படி பேச வந்ததற்கு மன்னிப்புக் கேட்கவே அரைமணி எடுத்துக்கொண்டார். ஃபிடி ஜன்னலில் குனிந்தான். "மச்சான், அணைச்சிராதீங்க. பாப்போம்." பென்ஜா அணைக்கவில்லை. மிதிக்கவும் இல்லை, இரண்டு காலையும் தூக்கிக் காட்டினான். பேச்சாளருக்குத் தொண்டை கட்டிப்போனது, வண்டிக்குக் கட்டவில்லை. கடைசியில் ஃபிடியே கை தட்டிவிட்டான்.

சாயங்காலம் அவர்கள் இருவர் மட்டும் அவன் வீட்டுக்குத் திரும்பினார்கள். பெரிய இறக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் பென்ஜாவின் கை சாவிக்குப் போனது. சஹூலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்ரோல் போனா போகட்டும்யா. எனக்கு இது ஓடுற சத்தம் கேக்கணும்."