கேட்காமல் காலி செய்த வீடு

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில்தான் சுராயா குடியிருந்தாள். முன் போர்ஷனில் வீட்டுக்காரம்மா வரலட்சுமி தனியாக இருந்தாள். பின் போர்ஷனில் சுராயாவும் அவள் கணவன் ஹுசைனும் மகள் ஆஸ்மாவும். ஹுசைன் திருவிடந்தை வரை ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஆஸ்மாவைப் பெற்றெடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து சுராயா வந்து இறங்கியதே அந்த வீட்டில்தான்.

வரலட்சுமிக்குச் சர்க்கரை வியாதி. காலையில் முன் கதவைத் தட்டி, "யக்கா, மாத்திரை போட்டியா?" என்று கேட்ட பிறகுதான் சுராயா தன் அடுப்பைப் பற்ற வைப்பாள். தண்ணீர் மோட்டாருக்காக இரண்டு பேரும் வாய் கிழியச் சண்டையும் போடுவார்கள். மத்தியானத்துக்குள் அது ஆறிப்போய்விடும்.

பிறகு சந்து மாறத் தொடங்கியது. அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வந்தவர்கள், சனி ஞாயிறு சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் என்று கூட்டம் கூடியது. முதலில் எதிர்வீடு, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே ஆனது. அங்கே குடியிருந்தவர்கள் கல்பாக்கம் பக்கம் போனார்கள். அப்புறம் அடுத்த வீடு. மளிகைக் கடை இருந்த இடத்தில் காபிக் கடை வந்தது. பச்சை மிளகாய் வாங்கக்கூடச் சுராயா பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலட்சுமியின் மகன் கலையரசன் இரண்டு பேரை அழைத்து வந்தான். சுராயா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பின் போர்ஷனின் சுவரை அளந்தார்கள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள், சந்து முனையில் துணி தேய்க்கும் செங்கல்வராயன்தான் கேட்டார்.

"உங்க வூட்டையும் ஹோம்ஸ்டே ஆக்கப் போறாங்களாமே? அந்தம்மா உன்னாண்ட சொல்லலியா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்குச் சொல்லவில்லையே என்று சுராயாவுக்கு உறுத்தியது. அக்கா வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தாள். வரலட்சுமியோ முகத்தைப் பார்க்காமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"நீயே போய்க் கேளேன்," என்றான் ஹுசைன்.

"அவங்க வாயால 'போ'ன்னு சொல்ற வரைக்கும் இருக்கணுமா? நமக்கு மானம் கெடையாதா?"

வீடு தேடினார்கள். மாமல்லபுரத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் ஒரு அறைகூட இல்லை. வெளியூரில் தலையாட்டியவர்களும் பெயரைக் கேட்டதும், "தங்கச்சி குடும்பம் வர்றதா சொல்லிட்டாங்க," என்று மழுப்பினார்கள். கடைசியில் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில், தொழிற்சாலைப் பையன்களுக்காக வரிசையாகக் கட்டியிருந்த அறைகளில் ஓரத்து அறை கிடைத்தது.

கிளம்புகிற அன்று சாவியை நீட்டியபோது வரலட்சுமி திகைத்துப் போனாள்.

"இன்னாடி இது, திடீர்னு?"

"ஆஸ்மாவுக்கு அங்க நல்ல ஸ்கூல் கீதுக்கா," என்று சுராயா பொய் சொன்னாள்.

வரலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சுராயா திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

புது ஊரில் ஹுசைனை ஆட்டோ ஸ்டாண்டில் சேர்க்கவில்லை. ஆட்டோவை விற்றுவிட்டுக் கம்பெனி வேன் ஓட்டப் போனான். சுராயா ஒரு கேன்டீனில் காய் நறுக்கினாள். பாதியில் பள்ளி மாறிய ஆஸ்மா பத்தாம் வகுப்பில் தோற்றாள்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம், அதே புது ஊரில் ஒரு மருந்துக் கடைப் படியில் வரலட்சுமி உட்கார்ந்திருப்பதைச் சுராயா பார்த்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"யக்கா! நீ எங்க இங்க?"

"பையன் இங்க பிளாட்டு வாங்கிக்கீறான். மூணாவது மாடி."

"வூடு?"

"மொத்தமா ஹோம்ஸ்டேக்குக் குட்த்தாச்சு." சுராயாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். "நீ ஏண்டி போன? அவன் வூட்டக் கேக்கறப்பல்லாம், 'சுராயா பொம்பளப் புள்ளைய வெச்சிகினு எங்க போவா, நான் செத்தப்புறம் இன்னா வேணா பண்ணிக்கோ'ன்னு சொல்லிகினே இருந்தேன். நீ சாவியக் குட்த்ததும் அவனுக்குச் சொல்ல என்னாண்ட ஒண்ணும் இல்லாம பூட்ச்சி."

சுராயா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"இன்னான்னு சொல்றது? எம்புள்ள உன்னத் தொரத்தப் பாக்கறான்னா? வெக்கமா இருந்துச்சுடி."

மருந்துப் பையை வாங்கிக்கொண்டு சுராயா அவளை வீட்டில் விடப் போனாள். அடுக்குமாடி வாசலில் காவலாளி வரலட்சுமியை விட்டுவிட்டுச் சுராயாவை மட்டும் நிறுத்தினார். "எந்த வீட்டுக்கு வேலைக்கு?" என்றார். லிப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் வரலட்சுமியால் ஏற முடிந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பகல் முழுக்க அவளுக்கு அங்கே பேச ஆளில்லை.

அன்று சாயங்காலம் சுராயா எல்லாவற்றையும் ஹுசைனிடம் சொன்னாள். அவன் குத்திக்காட்டவில்லை.

"நாம இருந்திருந்தாலும் ரெண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும். அவ்ளோதான்," என்றான்.

"அந்த ரெண்டு வருஷத்துல ஆஸ்மா பத்தாவது பாஸாகியிருப்பா," என்றாள் சுராயா. "அக்காவும் அவங்க வூட்லயே இருந்திருப்பாங்க."

கேன்டீன் விடுமுறை நாட்களில் இப்போது அவள் மூன்றாம் மாடிக்குப் போகிறாள். இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள், கீரை ஆய்வார்கள். மாமல்லபுரத்துக்கு நேர் பஸ் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், மற்றவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.